கிராமிய சகோதர சகாயச் சங்க ஆவணங்கள்

அமெரிக்க ஐக்கிய நாட்டில், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தங்களுள் ஒருவர் இறந்தால் எஞ்சியோர் கூடி அவர் குடும்பத்தைத் தாங்குவதென உடன்பட்டு உழவரும் கைத்தொழிலாளரும் சிறு வணிகரும் நடத்திய சங்கங்களின் ஊர்க் கிளைகள் விட்டுச்சென்ற நடவடிக்கைக் குறிப்பேடுகள், சந்தாப் பேரேடுகள், சேர்க்கை விண்ணப்பங்கள், உதவிப் பத்திரங்கள், மரண அத்தாட்சிகள் ஆகியவற்றின் தொகுதி இப்பெயரால் வழங்கும். கடிதமும் நாட்குறிப்பும் எழுதி வைக்கும் வழக்கமோ ஓய்வோ இல்லாத எளிய மக்களின் வாழ்வை அறிய இவற்றினும் சிறந்த சாதனங்கள் சிலவே.

தோற்றம்: 1868இல் பென்சில்வேனியா மாநிலத்து மீட்வில் என்னும் ஊரில், ரெயில்வே பட்டறைத் தொழிலாளரான ஜான் ஜோர்டன் அப்சர்ச் நிறுவிய ஐக்கியத் தொழிலாளர் பண்டைச் சங்கம் இம்முறைக்கு வழிகாட்டியாயிற்று. ஒருவர் இறக்கும்போது ஏனையோர் ஆளுக்கு 1 டாலர் செலுத்த, திரண்ட பணம் இறந்தவர் குடும்பத்துக்குச் சேரும். இம்முறையைக் கிராமங்களுக்குப் பரப்பியவற்றுள் முதன்மையானது, 1883இல் அயோவா மாநிலத்து லயன்ஸ் நகரில் ஜோசப் கல்லன் ரூட் தொடங்கிய மாடர்ன் உட்மென் ஆஃப் அமெரிக்கா. காட்டைத் திருத்திக் குடும்பத்துக்கு இடம் வகுக்கும் மரவெட்டியின் உருவகத்தைத் தழுவிய இச்சங்கம் கிளைகளை ‘முகாம்’ என்று அழைத்தது. அதனின்று பிரிந்த ரூட், 1890இல் ஒமாஹா நகரில் உட்மென் ஆஃப் தி வேர்ல்டு என்னும் வேறொரு சங்கத்தையும் கண்டார். அதன் அங்கத்தினர் பலருடைய கல்லறைகளில் வெட்டுண்ட அடிமரத்தைப் போல் செதுக்கிய நினைவுக்கற்களை இன்றும் காணலாம்.

கிளையும் ஏடுகளும்: தலைவர், ஆலோசகர், பொக்கிஷதார், எழுத்தர், வாயிற்காவலர், வைத்தியர் முதலிய பதவிகள் ஒவ்வொரு முகாமிலும் இருந்தன. சடங்குகள் இரகசியமாக நடந்தன. கணக்கோ இரகசியமாக இருத்தல் இயலாது. எழுத்தரே சந்தாவை வசூலித்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பி, தவணை தவறியவர் பெயருக்கு எதிரே இடைநீக்கத்தைப் பதிந்தார். புதிதாகச் சேர விரும்புவோரின் விண்ணப்பத்தில் வயது, தொழில், உடல்நிலை ஆகியவற்றோடு பெற்றோர் உடன்பிறந்தாரின் ஆயுளும் அவர்கள் இறந்த காரணமும் கேட்கப்பட்டமையால், அத்தாள் ஒரு குடும்ப வரலாற்றுச் சுருக்கமாகவே அமைந்துவிட்டது.

கட்டணச் சிக்கல்: ஆளுக்கு இவ்வளவு எனத் திரட்டும் முறை, அங்கத்தினர் இளைஞராயிருந்த வரையில் தடையின்றி நடந்தது. அவர்கள் முதுமையடையவே மரணங்கள் பெருகின. மரணங்கள் பெருகவே வசூல் அடிக்கடி வந்தது. பாரம் கண்ட இளைஞர் புதிய சங்கங்களை நாட, எஞ்சியோர் சுமை மேலும் ஏறிற்று. வயதுக்கேற்ற கட்டணமே இதற்குப் பரிகாரமென்று கணித வல்லுநர் கூறினர்; ஆயினும் 1912இல் மாடர்ன் உட்மென் சங்கம் கட்டணத்தை உயர்த்த முற்பட்டபோது, நெடுங்காலம் செலுத்தி வந்தோரிடமிருந்து கடும் எதிர்ப்பு எழுந்தது. பேரேட்டில் இடைநீக்கக் குறிகள் மிகுந்த பக்கங்களைக் காண்போர், விளைச்சல் பொய்த்த ஆண்டுகளோடும் இக்கட்டண மாற்றங்களோடும் அவற்றை ஒப்பிட்டு நோக்குதல் வேண்டும்.

விலக்கப்பட்டோர்: மாடர்ன் உட்மென் சங்கம் பெருநகரத்தாரையும், சுரங்கத் தொழிலாளர், வெடிமருந்து ஆலையினர், மது விற்போர் முதலிய ஆபத்தான அல்லது விரும்பத்தகாத தொழிலினராகத் தான் கருதியோரையும் விலக்கியது; வெள்ளையர் அல்லாதார்க்கும் அதில் இடமில்லை. கறுப்பின மக்கள் தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். அவற்றுள் ஒன்றான செயின்ட் லூக் சங்கத்தின் தலைவி மேகி லீனா வாக்கர், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில் 1903இல் ஒரு வங்கியையே நிறுவினார். பெண்களுக்குரிய ராயல் நெய்பர்ஸ் சங்கம் 1895இல் சாசனம் பெற்றது. ஆகவே ஓர் ஊரின் சகோதரத்துவத்தை அளக்கப் புகுவோர், ஏட்டில் உள்ள பெயர்களோடு அதில் இடம் பெறாதாரையும் எண்ணிப் பார்த்தல் கடமை.

பிற்காலமும் பயனும்: காசநோயுற்ற அங்கத்தினர்க்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்க, மாடர்ன் உட்மென் சங்கம் 1909 முதல் 1947 வரை கொலராடோ ஸ்பிரிங்ஸில் ஒரு நிலையம் நடத்தியது. தொழிற்சாலைகளின் குழுக் காப்புறுதியும், 1930களின் பொருளாதார மந்தமும், 1935ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் இச்சங்கங்களின் செல்வாக்கைக் குறைத்தன. ஊர்க் கிளைகள் கலைந்தபோது, எழுத்தர் வீட்டுப் பெட்டியில் கிடந்த ஏடுகள் சில அழிந்தன. சில மாநில வரலாற்றுக் கழகங்களையும் பல்கலைக்கழக நூலகங்களையும் அடைந்தன. மரணக் காரணங்களை ஆராயும் மருத்துவ வரலாற்றாசிரியரும், மூதாதையரைத் தேடும் குடும்பத்தாரும், காப்புறுதியின் வளர்ச்சியைப் பயில்வோரும் இன்று அவற்றை நாடுகின்றனர். சங்கத்தின் பெருமையை அச்சிட்ட பிரசுரங்கள் உரக்கக் கூறும். நோயுற்ற அண்டை வீட்டானின் அம்மாதச் சந்தாவைக் கிளையே கட்டிற்று என்று எழுத்தர் ஒரே வரியில் பதிந்து வைக்கும் குறிப்பு, அச்சங்கம் எதற்காக உயிர் வாழ்ந்தது என்பதைக் கூறும்.