அந்தமான் போகலாமா? தாம்பரத்திலிருந்து நாலு ஸ்டேஷன்... அப்புறம் ரெண்டேகால் மணி நேரம்!

'லீவுக்கு எங்கே போகலாம்?' என்று பேச்சு எடுத்தால், வீட்டில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். மாலத்தீவு, பாலி என்று ஆரம்பித்து, பாஸ்போர்ட், விசா, டாலர் கணக்கெல்லாம் போட்டுப் பார்த்ததும் பேச்சு தானாக அடங்கிவிடும். ஆனால், தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது. எலெக்ட்ரிக் ட்ரெயினில் தாம்பரத்திலிருந்து நாலாவது ஸ்டேஷன் திரிசூலம். எதிரே ஏர்போர்ட். அங்கே விமானம் ஏறினால் சுமார் ரெண்டேகால் மணி நேரத்தில் அந்தமான். பாஸ்போர்ட் வேண்டாம், ஆதார் போதும்.

எப்படிப்பட்ட இடம்?

வங்காள விரிகுடாவில், நம் கரையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி, வடக்கு தெற்காக நீண்டு கிடக்கின்றன இந்தத் தீவுகள். சின்னத் திட்டு, பாறைகளையும் சேர்த்தால் 800-க்கு மேல். மக்கள் வசிப்பது சுமார் 30 தீவுகளில்தான். வடக்கே அந்தமான், தெற்கே நிக்கோபார், நடுவில் 'பத்து டிகிரி கால்வாய்' எனப்படும் கடல். நிலப்பரப்பில் 80 சதவிகிதத்துக்கு மேல் காடு. போர்ட் பிளேர் என்று நாம் பழகிய தலைநகருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கிறது. ஹேவ்லாக் இப்போது ஸ்வராஜ் தீவு. நீல், ஷஹீத் தீவு.

கடிகாரம் நம்முடையதேதான். ஆனால், சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்னாடியே உதித்து, முன்னாடியே மறையும். டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே வெளிச்சம் போய்விடும். அதனால் காலையில் சீக்கிரம் கிளம்புகிறவர்களுக்குத்தான் முழுநாளும் கிடைக்கும்.

கடலும் காடும்

ஸ்வராஜ் தீவின் ராதாநகர் கடற்கரையை 2004-ல் 'டைம்' இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. வெள்ளை மணலுக்குப் பின்னாலேயே நெடுநெடுவென்று காடு. பவளப்பாறை பார்க்க வண்டூர் தேசியக் கடல் பூங்காவிலுள்ள ஜாலிபாய் தீவு. பிளாஸ்டிக் கொண்டுபோக அனுமதி கிடையாது. பருவத்தைப் பொறுத்துத்தான் திறப்பார்கள்.

இந்தியாவில் இப்போதும் புகையும் ஒரே எரிமலையான பாரன் தீவும் இங்கேதான். இருவாச்சிப் பறவையில் ஒரு வகை, நார்கொண்டம் என்ற குட்டித் தீவைத் தவிர உலகில் வேறெங்கும் கிடையாது. கடல்புல் மேயும் ஆவுளியா இங்கே மாநில விலங்கு. நம்ம பாக் நீரிணையிலும் இருக்கும் அதே ஆவுளியாதான்.

தமிழ் கேட்கும் தீவு

2011 கணக்கெடுப்பின்படி வங்காளம், இந்திக்கு அடுத்து இங்கே அதிகம் பேசப்படுவது தமிழ். சுமார் 15 சதவிகிதம். தலைநகரில் வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது. கடைவீதியில் தமிழில் விலை கேட்கலாம்.

உறவு இன்று நேற்று வந்ததல்ல. ராஜேந்திர சோழனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் மெய்க்கீர்த்தியில் நிக்கோபார், 'மாநக்கவாரம்' என்று வருகிறது. 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, கச்சால் தீவின் ரப்பர் தோட்டங்களில் குடியமர்ந்தன. அந்தக் கச்சால்தான் 2004 சுனாமியில் பேரிழப்பைச் சந்தித்தது. தாம்பரத்துக்கும் ஒரு துயரம் உண்டு. 2016 ஜூலை 22 அன்று இங்குள்ள விமானப்படைத் தளத்திலிருந்து 29 பேரோடு அந்தமான் கிளம்பிய ஏ.என்.-32 விமானம் போய்ச் சேரவில்லை. அதன் பாகங்கள் கடலடியில் கண்டறியப்பட்ட செய்தி 2024 ஜனவரியில்தான் வந்தது.

செல்லுலார் சிறைக்கு அரைநாள் ஒதுக்குங்கள். 1906-ல் கட்டி முடித்தபோது ஏழு பிரிவுகள்; இன்று நிற்பவை மூன்று. ஒரு கைதி இன்னொருவர் முகத்தைப் பார்க்க முடியாதபடி ஒவ்வொரு பிரிவும் அடுத்ததன் முதுகைப் பார்த்துக் கட்டப்பட்டது. அந்தச் சின்ன அறைக்குள் ஒரு நிமிடம் நின்று பார்த்தால், 'சிறைச்சாலை' படம் பார்த்தவர்களுக்கும் புதிதாக ஏதோ புரியும்.

போகக்கூடாத இடங்கள்

நிக்கோபார் தீவுகள் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. சென்டினல் மக்கள் வாழும் வடக்கு சென்டினல் தீவைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் யாரும் போகக் கூடாது. 'இதெல்லாம் என்ன கெடுபிடி?' என்று அலுத்துக்கொள்பவர்கள் இதைக் கொஞ்சம் கேளுங்கள்.

ஜாரவா மக்கள் வெளியாட்களோடு பழக ஆரம்பித்தது 1990-களின் கடைசியில். 1999-லேயே அவர்களிடையே தட்டம்மை பரவியது. நமக்குச் சாதாரணமான நோய்கூட, அதை எதிர்த்துப் பழகாத உடம்புக்கு எமன். 2010 ஜனவரியில் போவா சீனியர் என்ற மூதாட்டி இறந்தபோது, 'போ' என்ற மொழியைப் பேச உலகில் யாருமே இல்லாமல் போனார்கள்.

பாரதாங் சுண்ணாம்புக் குகைக்குப் போகும் சாலை ஜாரவா காட்டுக்குள்தான் செல்கிறது. வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து, போலீஸ் காவலோடுதான் அனுப்புவார்கள். நிறுத்தக் கூடாது, போட்டோ எடுக்கக் கூடாது, பிஸ்கட் நீட்டக் கூடாது, மீறினால் வழக்கு. அது அவர்கள் வீட்டு வாசல். 'ஜாரவாவைப் பார்க்கலாம் சார்' என்று யாராவது ஆசை காட்டினால், அந்த டூரே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கிளம்பும் முன்...

* எப்போது? நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை நல்ல காலம். மே கடைசியில் மழை பிடித்துக்கொள்ளும்.
* எத்தனை நாள்? ஐந்து நாளாவது வேண்டும். தலைநகரில் இரண்டு, ஸ்வராஜ் தீவில் இரண்டு, ஷஹீத் தீவில் ஒன்று.
* கப்பலிலா? சென்னைத் துறைமுகத்திலிருந்து உண்டு. சுமார் மூன்று நாள் ஆகும். வயிறு புரட்டும் என்பவர்கள் யோசியுங்கள்.
* போன்? 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடி கேபிள் வந்தபின் நிலைமை தேறியிருக்கிறது. சின்னத் தீவுகளில் கையில் ரொக்கமும் இருக்கட்டும்.
* தண்ணீர்: மழைக்கு முந்தைய மாதங்களில் உள்ளூர்க்காரர்களுக்கே தட்டுப்பாடு வரும். ஹோட்டல் குழாயைப் பார்த்துத் திறங்கள்.
* ஞாபகத்துக்கு ஒரு பவளத் துண்டு? வேண்டவே வேண்டாம். கரையில் செத்துக் கிடந்தாலும் எடுத்து வருவது குற்றம். ஏர்போர்ட் சோதனையிலேயே மாட்டும். சிப்பிப் பொருள் வேண்டுமென்றால், பில் கொடுக்கும் அரசு எம்போரியத்தில் வாங்குங்கள்.