கிரிட்டிக்கல் என்றால் கவலைக்கிடமா?

2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. பாண்டுப்பில் மழை. காலையிலேயே ராதாபுரத்திலிருந்து சித்தி போன்.

“தம்பி, கூடங்குளம் உலை கிரிட்டிக்கல் ஆயிட்டுன்னு டிவில போடுதான். ஆஸ்பத்திரில அப்படிச் சொன்னா சொந்தக்காரங்களுக்குல்லா சொல்லி விடுவாவ? நாங்க வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பணுமா?”

முந்தின நாள் இரவுதான் கூடங்குளத்தின் முதல் உலை ‘கிரிட்டிக்கல்’ ஆகியிருந்தது. நான் படித்தது பி.காம். “கேட்டுச் சொல்றேன் சித்தி” என்று வைத்துவிட்டேன்.

ட்ராம்பேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்கள் கிளைக்கு பென்ஷன் விஷயமாக வருவார். மறுநாள் அவரைப் பிடித்தேன். யுரேனிய அணு ஒன்று பிளந்தால் இரண்டு மூன்று நியூட்ரான்கள் வெளிவரும். சில தப்பிவிடும், சில வீணாக உறிஞ்சப்படும். சராசரியாக ஒன்று மட்டும் இன்னொரு அணுவைப் பிளந்தால் தொடர்வினை கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அதுதான் கிரிட்டிக்கல். எங்கள் பாஷையில் சொன்னால் ஓப்பனிங் பேலன்ஸும் குளோஸிங் பேலன்ஸும் ஒன்று :-) ஒழுங்காக ஓடும் உலை எல்லாமே கிரிட்டிக்கல்தான்.

1942 டிசம்பர் 2 அன்று சிகாகோவில் ஃபெர்மி குழுவினர் முதல் உலையை இந்த நிலைக்குக் கொண்டு வந்தபோது கிடைத்த சக்தி அரை வாட். டார்ச் பல்புக்குக்கூடக் காணாது. இங்கே செம்பூர் தாண்டினால் ட்ராம்பே. அங்கே 1956 ஆகஸ்ட் 4 அன்று அப்சரா கிரிட்டிக்கல் ஆனது. அதன்பின் ஐம்பது வருஷத்துக்கு மேல் இயங்கியது. புதுப்பித்த அப்சரா-யு 2018 செப்டம்பர் 10 அன்று அதே நிலையை எட்டியது. பம்பாய்க்காரர்கள் யாரும் பெட்டி கட்டவில்லை.

தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. நோயாளி என்றால் ‘கவலைக்கிடம்’, பாடப்புத்தகத்தில் ‘மாறுநிலை’. ஆங்கிலத்தில்தான் ஒரே சொல் இரண்டு சுமையையும் தூக்குகிறது. ஆகவே ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்தைச் சொல்ல ‘உலை கிரிட்டிக்கல்’ என்று எழுதாதீர்கள். குளிர்விப்பு நின்றதா, கசிந்ததா, அதை எழுதுங்கள்.

அன்று சாயங்காலம் சித்தியைக் கூப்பிட்டு விளக்கினேன். “அடுப்புப் பத்த வச்சாச்சுன்னு சொல்லிட்டுப் போவ வேண்டியதுதானே!” என்றார். ஒரு நிமிஷம் சத்தமில்லை. பிறகு, “ஆனா தம்பி, அடுப்பை அணைச்ச பொறவும் சூடு இருக்கும்லா? அதுக்கு என்ன செய்வாவ?”

எனக்குச் சுருக்கென்றது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமாவில் நடந்தது அதுதான். நிலநடுக்கம் வந்தவுடன் ஓடிக்கொண்டிருந்த உலைகள் தாமாகவே நின்றுவிட்டன. அதாவது அவை அப்போது கிரிட்டிக்கலே இல்லை. சுனாமியில் மின்சாரம் போய், குளிர்விக்க முடியாமல், மிச்சச் சூட்டில் எரிபொருள் உருகியது. கிரிட்டிக்கல் என்றால் ஆபத்தும் இல்லை, கிரிட்டிக்கல் இல்லையென்றால் பத்திரமும் இல்லை.

நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டது சித்திதான்.