கப்பல் கொண்டுவந்த ஆட்டங்கள்

திருகோணமலைத் துறைமுகத்தைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். கோணேசர் கோயில், பிரெடெரிக் கோட்டை, சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகள், 1942 ஏப்ரல் 9 அன்று யப்பானிய விமானங்கள் பொழிந்த குண்டுகள் என அந்தப் பட்டியல் நீளும். அவற்றையெல்லாம் மீண்டும் ஒருமுறை சொல்ல நான் வரவில்லை. இத்துறைமுகமும் கொழும்புத் துறைமுகமும் இலங்கைக்குக் கொடுத்துப் பின்னர் எடுத்துக்கொண்ட ஒரு விளையாட்டு வாய்ப்பைப் பற்றியதே இப்பதிவு. அந்த விளையாட்டு றக்பி.

எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் றக்பி முடிவுகள் விளையாட்டுப் பக்கத்தின் அடிமூலையில்தான் இடம்பெறும். தமிழ் வாசகர்களுக்கு அதில் நாட்டமில்லை என்பது பொதுவான எண்ணம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் ஒரு சிறிய நாடு உலக அரங்கில் எவ்வாறு வளர்கிறது, ஏன் வளராமல் நின்றுவிடுகிறது என்பதை இந்த ஆட்டத்தைப்போல் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை.

1878இல் கல்கத்தா கால்பந்துக் கழகம் கலைந்தபோது, வங்கியிலிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி ஒரு கிண்ணம் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பியது. இங்கிலாந்தும் ஸ்கொட்லாந்தும் இன்றுவரை மோதிக்கொள்வது அந்தக் 'கல்கத்தா கிண்ண'த்துக்காகத்தான். கல்கத்தாவில் ஒரு கழகம் மறைந்த அடுத்த ஆண்டே, 1879இல், கொழும்பில் ஒன்று தோன்றியது. அங்கிருந்து மலையகத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆட்டம் ஏறியது. தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறித்த சரிவுகளுக்கிடையே, டிக்கோயாப் பக்கத்துத் தரவளை போன்ற மைதானங்களில் தோட்டத் துரைமார் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடினர். 1908இல் இலங்கை றக்பிச் சங்கம் உருவாயிற்று. வெள்ளையர் கழகங்களில் இடம் கிடைக்காத உள்நாட்டவர் 1922இல் தமக்கெனச் சி.ஆர். அன்ட் எப்.சி. கழகத்தை அமைத்துக்கொண்டனர்.

கழகங்கள் இருந்தன, மைதானங்கள் இருந்தன. வெளிநாட்டு எதிரணிக்கு எங்கே போவது? அதைத்தான் கப்பல்கள் கொண்டுவந்தன.

இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றவும் நீர் பிடிக்கவும் கொழும்பில் நிற்கும். நீண்ட கடற்பயணத்தில் கால் மரத்துப்போன வீரர்களுக்கு ஓரிரு நாள் ஓய்வு. 1882இல் ஐவோ பிளை தலைமையிலான இங்கிலாந்துக் கிரிக்கெட் அணி அப்படி இறங்கி ஆடியதிலிருந்து இது ஒரு வழக்கமாயிற்று. 1948இல் பிரட்மன் கொழும்பில் ஆடியபோது ஆடுகளமே இரண்டு யார் குறைவாக அளக்கப்பட்டிருந்தது என்பது கிரிக்கெட் அன்பர்கள் அறிந்த வேடிக்கை. றக்பியிலும் இதே கதைதான். 1907இல் இங்கிலாந்து செல்லும் வழியில் நியூசிலாந்தின் தொழில்முறை அணி ஒன்று இலங்கையுடன் ஆடிற்று. 1950இல் நியூசிலாந்து, அவுஸ்திரேலியச் சுற்றுப்பயணம் முடித்துத் திரும்பிய பிரித்தானிய லயன்ஸ் அணி கொழும்பில் இறங்கி இலங்கையை 44க்கு 6 என்று வென்றது.

கொழும்பு வணிகக் கப்பல்களின் துறை. திருகோணமலை போர்க்கப்பல்களின் துறை. பிரித்தானியக் கடற்படையில் றக்பி ஒரு மரபு. ஓரளவு பெரிய கப்பல் எதிலும் ஓர் அணியைத் திரட்டிவிடலாம். கிழக்கிந்தியப் பிரிவின் கப்பல்களும், போர்க்காலத்தில் கீழைக் கடற்படையின் கப்பல்களும் இத்தீவின் கரைகளில் நங்கூரமிட்டபோது, ஆடத் தெரிந்த இளைஞர்களும் கூடவே வந்திறங்கினர். ஆனால் திருகோணமலையில் அந்த ஆட்டம் கடற்படைத் தளத்தின் வேலிக்கு உள்ளேயே நின்றுவிட்டது. வேலிக்கு வெளியே இருந்த ஊர் உதைபந்தாட்டத்தைத் தன்னுடையதாக்கிக்கொண்டது. தளத்தில் வேலைக்குப் போய்வந்த தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அந்த நீள்வட்டப் பந்தைப் பார்த்திருப்பார்கள். அதைத் தொட அவர்களை அழைத்தவர் எவருமில்லை.

பிறகு இரண்டு மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தன. 1955இல் லயன்ஸ் அணி முதன்முறையாக விமானத்தில் சுற்றுப்பயணம் புறப்பட்டது. 1957 அக்டோபர் 15இல் பண்டாரநாயக்க அரசு திருகோணமலைத் தளத்தைப் பிரித்தானியரிடமிருந்து பொறுப்பேற்றது. நாட்டின் இறையாண்மைக்கு அது பெருமைக்குரிய நாள். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆயினும், வழிப்போக்கில் கிடைத்த எதிரணிகள் இவ்விரண்டு மாற்றங்களோடும் குறைந்துபோயின என்பதும் வரலாறுதான்.

கவனியுங்கள், 1959இல் நியூசிலாந்திலிருந்து திரும்பிய லயன்ஸ் அணி வழியில் ஆடியது கனடாவில். 1966இலும் அவ்வாறே, அம்முறை பிரித்தானியக் கொலம்பியா மாகாண அணி லயன்ஸை 8க்கு 3 என்று தோற்கடித்தும் விட்டது. இலங்கை அதற்குள் திறமை குன்றிப்போனதா? கனடா திடீரென்று தகுதி பெற்றுவிட்டதா? இரண்டும் இல்லை. பயணப் பாதை மாறியது. ஆட்டமும் பாதையோடு போயிற்று. வளரும் நாடுகளுக்குக் கிடைத்த சர்வதேச ஆட்டம் உரிமையாக அல்ல, வழிச்செலவின் மிச்சமாகவே கிடைத்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுவோம். பெரிய அணியோடு ஆடக் கிடைத்தால் மட்டும் போதுமா? 2014இல் ஆசிய ஐந்து நாடுகள் போட்டியின் உயர் பிரிவில் யப்பானைச் சந்தித்த இலங்கை 132க்கு 10 என்று தோற்றது. எண்பது நிமிடத்தில் இத்தனை புள்ளிகளை வாங்கிய இளைஞன் அதிலிருந்து கற்றுக்கொள்ளக்கூடியது மிகக் கொஞ்சம். அடுத்த ஆண்டு உயர் பிரிவு யப்பான், ஹொங்கொங், தென்கொரியா என மூன்று நாடுகளாகச் சுருக்கப்பட்டது. இலங்கை கீழே இறங்கியது. ஒரு பக்கம் ஆட்டமே இல்லாத பட்டினி; மறுபக்கம் செரிக்காத விருந்து. இரண்டுமே உடம்புக்கு ஆகாது.

அந்த யப்பானின் கதையே வேறொன்றைச் சொல்கிறது. 1995 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்திடம் 145க்கு 17 என்று நொறுங்கிய நாடு அது. இருபது ஆண்டுகள் கழித்து, 2015இல், பிரைட்டனில் தென்னாபிரிக்காவை 34க்கு 32 என்று வென்றது. 2019இல் கால் இறுதிக்கு வந்தது. பணமும் தொழில்முறைக் கழகங்களும் வெளிநாட்டுப் பயிற்றுநர்களும் காரணம்தான். அவற்றோடு இன்னொன்றும் உண்டு. 2006 முதல் பசிபிக் நாடுகள் போட்டியில் பீஜி, சமோவா, தொங்கா ஆகியவற்றோடு யப்பான் தொடர்ந்து மோதியது. தன்னைவிடச் சற்றே வலிய அணிகளிடம் முதலில் தோற்று, பிறகு நெருங்கி, பிறகு வென்று வளர்ந்தது. மாறாக ஆர்ஜென்டீனா 2007 உலகக் கிண்ணத்தில் மூன்றாமிடம் பெற்ற பின்பும், தென்கோளத்துப் பெரிய நாடுகளின் வருடாந்தப் போட்டியில் இடம்பிடிக்க 2012 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஜோர்ஜியா 2022இல் இத்தாலியையும் வேல்ஸையும் ஒரே ஆண்டில் வென்றது. அப்படியும் ஐரோப்பாவின் ஆறு நாடுகள் போட்டியில் அதற்கு நாற்காலி போடப்படவில்லை.

ஆடினால்தான் திறமை வரும். திறமை வந்தால்தான் ஆட அழைப்பார்கள். இந்த முடிச்சை அவிழ்க்க என்ன வழி?

நமக்கு மிக அருகிலேயே ஒரு விடை இருந்தது. 1952-53 பருவத்தில் சென்னை அணிக்கும் இலங்கைக்கும் இடையே கோபாலன் கோப்பைக்கான கிரிக்கெட் ஆட்டம் தொடங்கியது. எம்.ஜே. கோபாலன் சென்னையின் வேகப்பந்து வீச்சாளர். ஹொக்கியிலும் இந்தியாவுக்காக ஆடியவர். 1934இல் ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். அவர் பெயரிலான அந்தப் போட்டி பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் கால் நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவாக நடந்தது. சென்னை ஒரு மாநில அணி. இலங்கை இன்னும் டெஸ்ட் தகுதி பெறாத நாடு. ஏறத்தாழச் சமபலம். இன்று தோற்றவர் அடுத்த முறை திருப்பிக் கொடுக்கலாம் என்ற நம்பிக்கை இருந்தது. 1981இல் இலங்கைக்கு டெஸ்ட் தகுதி கிடைத்ததற்குக் காரணங்கள் பல. அவற்றுள், கப்பலிலிருந்து இறங்கிய பெரிய மனிதர்களைக் காட்டிலும் பக்கத்து வீட்டுக்காரனோடு ஆண்டுதோறும் ஆடிய ஆட்டத்துக்கே அதிக இடம் கொடுப்பேன்.

றக்பியில் உலக அமைப்பு இப்போது புதிய ஏணிகளை வகுத்திருக்கிறது. 2027 உலகக் கிண்ணம் 24 நாடுகளுக்கு விரிகிறது. 2026 முதல் பெரிய நாடுகள் பன்னிரண்டுக்கு ஒரு போட்டியும், அடுத்த பன்னிரண்டு நாடுகளுக்கு ஒரு போட்டியும் என்பது திட்டம். ஆசியாவிலிருந்து யப்பான் முதலாவதிலும் ஹொங்கொங் இரண்டாவதிலும் உள்ளன. நல்லது. ஆனால் இருபத்து நான்குக்குக் கீழே நிற்கும் நாடுகளுக்கு? அவர்களைப் பொறுத்தவரை ஏணியின் முதல் படியே தலைக்கு மேலே இருக்கிறது. இலங்கை, இந்தியா, மலேசியா, ஐக்கிய அரபு இராச்சியம் போன்ற நாடுகள் ஆண்டுதோறும் ஒன்றின் மண்ணில் ஒன்று ஆடும் நிலையான ஏற்பாடு வேண்டும். இலட்சக்கணக்கான டொலர் தேவையில்லை. மூன்று மணி நேர, நான்கு மணி நேர விமானப் பயணம்தான். அந்த ஆட்டங்கள் எதிரணியின் வசதிக்காக அல்லாது நாட்காட்டியில் எழுதிவைத்து நடக்கவேண்டும். அத்தோடு சொந்த வீட்டையும் ஒழுங்காக வைத்திருக்கவேண்டும். நிர்வாகச் சச்சரவுகளால் 2023இல் இலங்கைச் சங்கம் உலக அமைப்பின் இடைநிறுத்தத்துக்கு உள்ளானது. வாய்ப்பைத் தேடும் நாடு வாய்ப்பை இழக்கும் வழி அது.

இன்று திருகோணமலைத் தளத்தில் இலங்கைக் கடற்படையின் பயிற்சிக் கல்லூரி இயங்குகிறது. கடற்படை அணி நாட்டின் முன்னணிக் கழகப் போட்டியில் ஆடுகிறது. ஆக, ஆட்டம் இன்னும் அந்தக் கரையோடு உறவு வைத்திருக்கிறது. உப்புவெளியிலும் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடலோடு வளர்ந்த, தோளுரம் மிக்க பிள்ளைகளுக்குக் குறைவில்லை. நாட்டு அணிகள் சர்வதேச ஆட்டங்களுக்காகப் பெரிய நாடுகளின் வாசலில் நிற்பதும், இந்தப் பிள்ளைகள் வேலிக்கு வெளியே நிற்பதும் ஒரே நோயின் இரு அறிகுறிகள் என்றே எனக்குப் படுகிறது. உலக அமைப்பிடம் கதவைத் திறக்கச் சொல்லும் உரிமை, தன் வீட்டுக் கதவைத் திறந்து வைத்தவனுக்குத்தான் உண்டு.