பெரும்பாடு

ஆரணிப் பக்கத்திலிருந்து பேசிய பெண்ணுக்கு 19 வயது. மூக்கில் ரத்தம் நிற்காமல் வந்து மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்திருக்கிறாள். அங்கே யாரோ எங்கள் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். நான் மூக்கைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

"பீரியட்ஸ் எத்தனை நாள் இருக்கும்மா?"

"பத்து, பன்னெண்டு நாள் ஆகும் மேடம்."

"ஒரு நாப்கின் எவ்வளவு நேரம் தாங்கும்?"

பதில் வரவில்லை. போனை அவளுடைய அம்மா வாங்கிக்கொண்டார். "எங்க வம்சமே அப்படித்தாங்க. எங்கம்மாவுக்கும் அப்படித்தான் இருந்துச்சு. இதையெல்லாம் போய் ஒரு வியாதின்னு சொல்லுவாங்களா?"

ரத்தக்கசிவு நோயுள்ள குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் குழு ஒன்றில் ஆறு ஆண்டுகளாக வழித்துணையாக இருக்கிறேன். 'மென்டார்' என்பதற்கு நான் வைத்துக்கொண்ட பெயர் அது. சம்பளம் கிடையாது. மருந்தின் பெயர் சொல்லக்கூடாது. கேட்க வேண்டும், எழுதி வைக்கச் சொல்ல வேண்டும், எந்த மருத்துவரிடம் போவது என்று காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு நான் வந்தது தம்பியால். அவனுக்கு ஹீமோஃபிலியா. ரத்தத்தை உறைய வைக்கும் எட்டாவது காரணி அவனிடம் மிகக் குறைவு. முழங்கால் வீங்கி அவன் படுத்திருந்த இரவுகளில் வீடே விழித்திருக்கும். "உன் வயித்துல இருந்து வந்ததுதானே" என்று அப்பாயி அம்மாவைச் சொல்லாத நாள் இல்லை. அதே வீட்டில் 14 வயதில் எனக்குப் பன்னிரண்டு நாள் ரத்தம் போனது. அதற்கு ஒருவரும் விழித்திருக்கவில்லை. என்னைப் பார்த்த மருத்துவர், "உனக்கு ஒன்றும் இல்லை, நீ வெறும் கேரியர்" என்றார். எங்கள் வீட்டில் கேரியர் என்றால் சாப்பாடு எடுத்துப் போகிற அடுக்குத் தூக்கு. இந்த உவமை எனக்குப் பின்னால்தான் உறைத்தது. உள்ளே இருப்பது யாருக்கோ, தூக்குக்குப் பசிக்காது.

இப்படி ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். முனைவர் பட்டத்துக்குக்கூட இவ்வளவு ஆர்வத்துடன் படித்ததில்லை. 1924இல் பின்லாந்தின் ஓலாந்து தீவுக்கூட்டத்திலிருந்து யோர்டிஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமியை ஹெல்சிங்கிக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய சகோதரிகள் சிலர் குழந்தைப் பருவத்திலேயே ரத்தப்போக்கில் இறந்திருந்தார்கள். மருத்துவர் எரிக் வான் வில்பிராண்ட் அந்தக் குடும்பத்தில் 66 பேரை ஆராய்ந்தார். 23 பேருக்கு ரத்தக்கசிவு இருந்தது. அவர்களில் பெண்களே அதிகம். ஹீமோஃபிலியா ஆண்களின் நோய் என்று மருத்துவம் முடிவு கட்டியிருந்த காலம். ஆகவே 1926இல் அவர் எழுதிய கட்டுரையில் இதற்குப் 'போலி ஹீமோஃபிலியா' என்று பெயரிட்டார். அவர் கவனமான மருத்துவர்; நோயைச் சரியாகவே கண்டார். ஆனால் பெண்ணுடம்பில் கண்டதை எழுத அவருக்குக் கிடைத்த சொல் 'போலி'. யோர்டிஸ் 13 வயதில், தன் நான்காவது மாதவிடாயில், ரத்தம் நிற்காமல் இறந்தாள். இன்று அந்த நோய் மருத்துவரின் பெயரால் வழங்குகிறது.

தமிழில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. பெரும்பாடு என்கிறோம். மருத்துவச் சுவடிகளிலும் விவிலிய மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. நோயென்று தெரிந்திருந்ததால்தானே பெயர் வைத்தார்கள்? அது எப்போது 'எங்க வம்சமே அப்படித்தான்' ஆனது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. விலக்கி வைத்த அறையில் என்ன நடக்கிறது என்று யாரும் கேட்காததால் இருக்கலாம்.

உலக ஹீமோஃபிலியா கூட்டமைப்பு 1963இல் தொடங்கியது. கேரியர் என்று ஒதுக்கப்பட்ட பெண்களுக்குப் பெயர் மாற இன்னும் 58 ஆண்டுகள் பிடித்தன. எட்டாவது அல்லது ஒன்பதாவது காரணி 40 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அவளும் ஹீமோஃபிலியா உள்ள பெண்தான் என்று சர்வதேச ரத்த உறைவு ஆய்வாளர்களின் குழு 2021இல் வரையறுத்தது. எனக்கு 31. அந்த எண் தெரியாமலேதான் மகளைப் பெற்றேன். மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள்.

உடாகோ ஒகாமோட்டோவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானிய விஞ்ஞானி, குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வகத்தில் வேலை செய்தவர். பிரசவத்தில் பெண்கள் ரத்தம் போய்ச் சாவதைத் தடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அவர் பேசிய ஒரு கூட்டத்தில் ஆண்கள் சிரித்து, நடனம் ஆடப்போகிறீர்களா என்று கேட்டார்களாம். கணவருடன் சேர்ந்து அவர் கண்டறிந்த டிரானெக்சாமிக் அமிலம் 1962இல் வெளியானது. மகப்பேற்று மருத்துவர்களை அதைச் சோதித்துப் பார்க்கச் செய்ய அவரால் முடியவில்லை. 20,000 தாய்மார்களிடம் நடந்த பெரிய ஆய்வு அது உயிர் காக்கிறது என்று 2017இல் காட்டியது. அவர் அதற்கு முந்தைய ஆண்டு, 98 வயதில், இறந்துவிட்டார். பெரும்பாட்டுக்கும் மருத்துவர்கள் எழுதித் தரும் அந்த மாத்திரை நம் ஊர் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

ஆரணிப் பெண்ணை ஒரு நோட்டு போடச் சொன்னேன். தேதி, மாற்றிய நாப்கின் எத்தனை, கட்டியாக வந்ததா, வகுப்புக்குப் போகாத நாள் எது என்று நான்கு பத்தி. மூன்று மாத நோட்டோடு ரத்தவியல் மருத்துவரிடம் போனாள். வான் வில்பிராண்ட் நோய்தான். முடிவைச் சொல்ல அவளுடைய அம்மா கூப்பிட்டார். பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"ஏங்க, எனக்கு நாப்பத்தி நாலு ஆகுது. இனிமே நான் எழுதி வெச்சா பாப்பாங்களா?"

"பாப்பாங்க. இந்த மாசமே ஆரம்பிங்க."

"அவ நோட்டுலயே பின்பக்கத்துல எழுதட்டுமா?"