செல்ஃப் எடுக்காத காரும் கெட்டரிங்கின் கணக்கும்

திருவேற்காடு தேவி கருமாரி அம்மன் கோயில் வாசலில் வண்டிகளுக்குப் பூசை போடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். ஒரு வெள்ளிக்கிழமை அங்கே என் நண்பரின் பழைய கார் நின்றது. கற்பூரம் காட்டியாயிற்று; சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள் வைத்தாயிற்று. நண்பர் சாவியைத் திருகினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். முன்விளக்குகளோ பளிச்சென்று எரிந்தன! "பாட்டரியில் கரண்டு இருக்கிறதே, சார், பிறகு ஏன் செல்ஃப் எடுக்கவில்லை?" என்றார் அவர்.

நல்ல கேள்வி. விடை காணுமுன், சாவியே இல்லாத காலத்துக்குச் சற்றுப் போய் வருவோம்.

அக்காலத்தில் காரின் முன்னால் நின்று இரும்பு ஹாண்டிலைச் சுழற்ற வேண்டும். தீப்பொறி சற்று முந்தி விழுந்துவிட்டால் என்ஜின் பின்னோக்கி உதைக்கும், மணிக்கட்டு முறியும். ஆகவே கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பார்கள். நம் நாட்டின் பழைய அம்பாசடர் கார்களிலும் இந்த ஹாண்டில் உண்டு. வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

மின்மோட்டாரைக் கொண்டு என்ஜினைச் சுழற்றலாமே? அதற்கு என்ஜின் அளவுக்கே பெரிய மோட்டார் வேண்டும் என்று பலர் கருதினர். அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் அப்படி நினைக்கவில்லை. கடைகளில் பணம் பதியும் இயந்திரத்துக்கு முன்பே மின்மோட்டார் அமைத்தவர் அவர். ஒரு சிறிய மோட்டார் நாள் முழுதும் மிகைப்பளுவைச் சுமந்தால் எரிந்துபோகும். சில நொடிகள் சுமந்தால் ஒன்றும் ஆகாது. இதுதான் அவர் கண்டது. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் அவருடைய ஸ்டார்ட்டர் இடம்பெற்றது. என்ஜின் ஓடத் தொடங்கியதும் அதே கருவி ஜெனரேட்டராக மாறிப் பாட்டரியை நிரப்பிற்று! திருவேற்காட்டுக்கு அருகிலேயே, பாடியில், 1961-இல் பிரிட்டனின் லூகாஸும் டிவிஎஸ்ஸும் சேர்ந்து தொடங்கிய லூகாஸ்-டிவிஎஸ் நிறுவனம் நம் நாட்டு வண்டிகளுக்கு ஸ்டார்ட்டர்கள் செய்துவருகிறது. அங்குள்ள பஸ் நிறுத்தத்துக்கே 'லூகாஸ்' என்றுதான் பெயர்.

இனி நண்பரின் காருக்கு வருவோம். நின்றிருக்கும் மோட்டாரில் எதிர் மின்னியக்கு விசை கிடையாது. மின்தடை ஒன்றுதான் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். 12 வோல்ட் பாட்டரி, மொத்தத் தடை 0.06 ஓம் என்று கொண்டால் 200 ஆம்பியர் பாயும். பாட்டரி டெர்மினலில் பூத்த அழுக்கு இன்னும் 0.05 ஓம் சேர்த்தால்? மின்னோட்டம் 109 ஆம்பியராகக் குறையும். தொடர்சுற்று மோட்டாரின் முறுக்குவிசை ஏறத்தாழ மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். என்ஜின் அசையாது. ஆனால் முன்விளக்குகளுக்கு வேண்டியது 10 ஆம்பியர்தான். அழுக்கினால் அவை இழப்பது வெறும் அரை வோல்ட். எரியாமல் என்ன செய்யும்?

எனவே விளக்கைப் போட்டுக்கொண்டே சாவியைத் திருகச் சொன்னேன். விளக்கு மங்காவிட்டால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை: சாலினாய்டு, தேய்ந்த கார்பன் பிரஷ், விட்டுப்போன ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். எங்கள் விளக்கு மங்கிப் போயிற்று. அப்படியானால் பாட்டரி இளைத்திருக்க வேண்டும், அல்லது இணைப்பு கெட்டிருக்க வேண்டும். இரண்டில் எது? இரண்டு மூன்று முறை திருகியபின் டெர்மினலைத் தொட்டேன். சுட்டது! 109 ஆம்பியர், 0.05 ஓம், கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 600 வாட். இஸ்திரிப் பெட்டிக்குச் சற்றே குறைவு.

எதிர்முனையை முதலில் கழற்றினோம். டீக்கடை வெந்நீரால் பூப்பைக் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக மாட்டி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினோம். மொத்தம் கால் மணி நேரம். நண்பர் மறுபடி சாவியைத் திருகினார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின.