மொத்த வாடகையும் கையில் நின்ற காசும்

காமர்ஸ் படிக்கிற எங்களுக்கு முதலில் சொல்லித் தருவது, வரவு வேறு, லாபம் வேறு என்பதுதான். அமெரிக்காவில் சொந்த லாரி ஓட்டுபவர்களின் வரலாறு இதற்கு நல்ல உதாரணம். இரும்பு, மரம், எந்திரம் ஏற்றும் தட்டையான திறந்த டிரெய்லரை அங்கே பிளாட்பெட் என்பார்கள். பெட்ரோல், ரசாயனம், பால் ஏற்றுவது டேங்கர். இரண்டில் எதில் காசு அதிகம்?

டேங்கர்தான் என்று பலரும் சொல்வார்கள். கொஞ்சம் பின்னோக்கிப் போய்ப் பார்ப்போம்.

1935-ல் மோட்டார் கேரியர் சட்டம் வந்தது. மாநிலம் விட்டு மாநிலம் சரக்கு ஏற்ற அரசு ஆணையத்தின் அனுமதி கட்டாயமானது. விளைபொருள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் விலக்கு. அனுமதி கம்பெனிகளிடம் இருந்தது, லாரிக்காரரிடம் லாரி மட்டும்தான். அதனால் கம்பெனிக்கு லாரியைக் குத்தகைக்கு விட்டு, வாடகையில் ஒரு பங்கு வாங்கினார். டீசல், டயர், தவணை எல்லாம் அவர் தலையில்!

1967-ல் பிளாட்பெட்டில் இரும்பு ஏற்றியவர்கள் இண்டியானாவின் கேரி நகரில் வேலைநிறுத்தத்தைத் தொடங்கினார்கள். இரும்பாலை வாசலில் மணிக்கணக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி இல்லை என்பது அவர்களுடைய முக்கியமான குறை. லாரி நின்றால் வரவு நிற்கும், தவணை நிற்குமா? 1973-ல் எண்ணெய்த் தடையால் டீசல் விலை ஏறியபோது பல சொந்த லாரிக்காரர்கள் நெடுஞ்சாலையிலேயே லாரியை நிறுத்திப் போராடினார்கள்.

1980 ஜூலை 1-ல் அதிபர் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அனுமதி பெறுவதை எளிதாக்கியது. புதியவர்கள் குவிந்தார்கள், போட்டியில் வாடகை இறங்கியது. ஆனால் அதே சட்டம் குறைந்தபட்ச காப்பீட்டையும் நிர்ணயித்தது. சாதாரணச் சரக்குக்கு 7.5 லட்சம் டாலர், எண்ணெய்க்கு 10 லட்சம், டேங்கரில் போகும் சில அபாயகரமான ரசாயனங்களுக்கு 50 லட்சம். காப்பீட்டுத் தொகை கூடினால் பிரீமியமும் கூடும். 1986-ல் வந்த இன்னொரு சட்டத்தின்படி டேங்கர் ஓட்டவும் அபாயச் சரக்கு ஏற்றவும் தனித் தேர்வுகள் வந்தன.

இப்போது கணக்குப் போடுங்கள். சரக்கு ஏற்றிய மைலுக்கு டேங்கர் வாடகை பெரும்பாலும் கூடுதல்தான். ஆனால் பெட்ரோலை இறக்கிய டேங்கர் காலியாகத் திரும்பும். சரக்கு மாறினால் தொட்டியைக் கழுவ வேண்டும், அதற்கும் காசு. பிளாட்பெட்டுக்குத் திரும்பும் வழியில் வேறு சரக்கு கிடைக்கலாம். ஆனால் சங்கிலி கட்டி, தார்ப்பாய் போர்த்தும் உழைப்பு ஓட்டுநருடையது. கட்டுமானம் மந்தமானால் அவர் வருமானமும் படுத்துவிடும்.

டேங்கரின் கூடுதல் வாடகையில் ஒரு பகுதி லாபமே அல்ல, அந்தத் தொழிலுக்குள் நுழையக் கொடுக்கும் விலை என்பதுதான் என் கருத்து. காலி மைலையும் காத்திருந்த மணியையும் செலவில் எழுதாதவர் எந்த லாரி வாங்கினாலும், கடைசியில் தன் உழைப்பைத்தான் இலவசமாகக் கொடுத்திருப்பார். 1967-ல் கேரியில் நின்ற லாரிக்காரர்கள் அதைப் பாடப்புத்தகம் இல்லாமலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்!