தாயைத் தாண்டி வாழ்ந்த பிள்ளை – ஒரு ஃபின்லாந்து மாலைப் பேப்பர் கதை

ஃபின்லாந்துன்னா நமக்கெல்லாம் நோக்கியா, பனி, அப்புறம் கிறிஸ்துமஸ் தாத்தா. அதைத் தாண்டி ஒண்ணும் தெரியாம இருந்த எனக்கு, அந்த ஊர் மாலைப் பத்திரிகைகள் மேல திடீர்னு ஒரு பைத்தியம் பிடிச்சுது. காரணம் ஒரே ஒரு வார்த்தை: 'லெஹ்தி'. ஃபின்னிஷ் மொழியில இதுக்குப் பத்திரிகைன்னும் அர்த்தம், மரத்து இலைன்னும் அர்த்தம். நாம பூவோட இதழையும் பத்திரிகையையும் ஒரே சொல்லால சொல்றோமே, அதே கதை! இன்னொரு ஒற்றுமையும் உண்டு. பரபரப்புப் பத்திரிகைகளை அவங்களும் 'மஞ்சள்'னுதான் திட்டுறாங்க. :-)

அங்கே ரெண்டு பெரிய மாலைப் பத்திரிகைகள். மூத்தது இல்டா-சனோமாட், அதாவது 'மாலைச் செய்திகள்'. இளையது இல்டாலெஹ்தி, 'மாலை இதழ்'. நான் சொல்ல வந்தது இளையவன் கதை. ஆனா மூத்தவனைச் சொல்லாம அது புரியாது.

1889-ல ஏரோ ஏர்க்கோவும் அவரோட கூட்டாளிகளும் பைவாலெஹ்தின்னு ஒரு நாளிதழ் ஆரம்பிச்சாங்க. அப்போ ஃபின்லாந்து ரஷ்யச் சக்கரவர்த்தி ஆட்சியில இருந்தது. 1904-ல ரஷ்ய கவர்னர் ஜெனரல் பாப்ரிகோவ் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்துல வந்த ஒரு கட்டுரை கொலையாளியைப் பாராட்டுற மாதிரி இருக்குன்னு பத்திரிகையை மூடிட்டாங்க. விடுவாங்களா? அதே வருஷம் ஹெல்சிங்கின் சனோமாட்ங்கிற பேர்ல திரும்ப வந்துட்டாங்க. அதோட மாலைப் பதிப்பா 1932-ல பிறந்ததுதான் இல்டா-சனோமாட். ஃபின்லாந்து மதுவிலக்கைத் தூக்கினதும் அதே வருஷம்தான்! 1949-ல அது தனிப் பத்திரிகையாச்சு.

ஃபின்லாந்துல காலைப் பேப்பர்னா வருஷச் சந்தா கட்டி வீட்டுக்கே வரவழைப்பாங்க. மாலைப் பேப்பருக்கு அந்தச் சொகுசு கிடையாது. கடையில நின்னு, காசு எடுத்து, ஒரு பிரதி வாங்கணும். இன்னிக்கு வாங்கினவன் நாளைக்கும் வாங்குவான்னு எந்த உத்தரவாதமும் இல்லை. தினம் தினம் புதுசா ஜெயிக்கணும்.

இதுக்காக அவங்க கையில எடுத்த ஆயுதம் 'லோப்பி'. கடை வாசல்ல தொங்கவிடுற தலைப்புச் செய்தித் தாள். ஸ்வீடிஷ் மொழியிலேர்ந்து வந்த சொல். பெருசு பெருசா நாலு வார்த்தை, ஒரு மூஞ்சி, அவ்வளவுதான். உள்ளே விஷயம் இருக்கோ இல்லையோ, போறவன் நின்னு படிக்கணும். மஞ்சள் நிறம் எங்கேர்ந்து வருதுன்னு இப்போ புரியுதா? ஆசிரியரோட கெட்ட புத்தி மட்டும் காரணமில்லை, விக்கிற முறையே அப்படி.

இப்போ இளையவன். ஹெல்சிங்கியில இன்னொரு பழைய, கௌரவமான பத்திரிகை ஊஸி சுவோமி (ஊசி இல்லைங்க, ஊஸி! 'புதிய ஃபின்லாந்து'னு அர்த்தம்). 1919-லேர்ந்து அந்தப் பேர், வலதுசாரிப் பாரம்பரியம். விற்பனையில ஹெல்சிங்கின் சனோமாட்டை எட்டிப் பிடிக்க முடியலை. 1980 அக்டோபர் 1-ம் தேதி அவங்களும் ஒரு மாலைப் பத்திரிகையை இறக்கினாங்க. அதுதான் இல்டாலெஹ்தி.

பிறந்த நேரத்தைக் கவனிங்க. அப்போ கெக்கோனென் 1956-லேர்ந்து ஜனாதிபதி. வயசு எண்பது. அவரோட நினைவாற்றல் தடுமாறுறது அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் தெரிஞ்சேதான் இருந்தது. ஆனா பத்திரிகைகள் பெரும்பாலும் வாயைத் திறக்கலை. 1981 செப்டம்பர்ல அவர் மருத்துவ விடுப்புல போனார், அக்டோபர்ல ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அதுக்கப்புறம்தான் சாதாரண ஜனங்களுக்கு நிலைமை முழுசாப் புரிஞ்சுது. மரியாதைங்கிற பேர்ல ஒரு நாட்டையே இருட்டுல வைக்கலாம்ங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

பத்து வருஷம் ஓடுச்சு. 1990-களோட ஆரம்பத்துல ஃபின்லாந்துல படுபயங்கரமான பொருளாதாரச் சரிவு. 1990-ல 3 சதவீதத்தை ஒட்டி இருந்த வேலையில்லாத் திண்டாட்டம், 1994-ல 16 சதவீதத்தைத் தாண்டுச்சு. விளம்பரம் வத்திப்போச்சு. 1991 நவம்பர்ல ஊஸி சுவோமி நாளிதழ் மூடப்பட்டது. தாய் போயிட்டா, பிள்ளை பிழைச்சுக்கிச்சு! கௌரவமான காலை நாளிதழை யாராலயும் காப்பாத்த முடியலை, கடை வாசல்ல தொங்கின பிள்ளை தன் காலிலேயே நின்னுது.

பிள்ளைக்கும் அடி விழாம இல்லை. 1996-ல ஒரு வக்கீல் குடிபோதையில ரகளை பண்ணி, போலீஸ்காரரைத் தாக்கின வழக்கை இல்டாலெஹ்தி வெளியிட்டது. வக்கீலோட மனைவி பாராளுமன்ற உறுப்பினர். அந்த அம்மாவுக்கும் சம்பவத்துக்கும் சம்பந்தமே இல்லை, ஆனாலும் கட்டுரையில அவங்க பேரையும் இழுத்துட்டாங்க. அந்தரங்கத்தைக் கெடுத்த குற்றம்னு ஃபின்லாந்து நீதிமன்றங்கள் தண்டிச்சுது. அதுவும் பாதிக்கப்பட்டவர் எம்.பி.ங்கிறதால, சட்டப்படி இன்னும் கடுமையா!

ஆசிரியரும் பத்திரிகையும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனாங்க. 2004 நவம்பர்ல தீர்ப்பு: கருத்துச் சுதந்திரத்தை ஃபின்லாந்து மீறியிருக்கு. அரசியல்வாதிகள் சாதாரண ஆளைவிட அதிகமா விமர்சனத்தைத் தாங்கிக்கணும், ஆனா இந்தச் சட்டம் தலைகீழா இருக்குங்கிறதுதான் முக்கியமான வாதம்.

படிச்சதும் எனக்கு ரெண்டு மனசு. தீர்ப்பு சரிதான். எம்.பி.ன்னா தனிச் சலுகை எதுக்கு? ஆனா புருஷன் பண்ணின கூத்துக்குத் தன் பேரைத் தலைப்புல பார்த்த அந்த அம்மா இடத்துல நம்ம வீட்டு ஆள் இருந்தா? 1981-ல வாயை மூடிக்கிட்டு இருந்தது தப்புன்னா, 1996-ல வாய் கொஞ்சம் ஓவராப் போச்சு. நடுவுல கோடு எங்கேன்னு சட்டப் புத்தகத்துல மட்டும் தேடினா கிடைக்காதுன்னு தோணுது.

கடைசியா ஒரு வேடிக்கை. ஊஸி சுவோமி மூடினப்போ இல்டாலெஹ்தியை வச்சிருந்தது, தாம்பரே நகரத்து ஆமுலெஹ்தி ('காலை இதழ்') குழுமம். அதுதான் பின்னாடி ஆல்மா மீடியா ஆச்சு. 2020-ல ஆல்மா மீடியா அந்த ஆமுலெஹ்தியையே சனோமாகிட்ட, அதாவது இல்டா-சனோமாட்டோட முதலாளிகிட்ட வித்துடுச்சு. இல்டாலெஹ்தியை மட்டும் விடலை! காலை போச்சு, மாலை நின்னுது.

இப்போ காகிதப் பிரதி வாங்குறவங்க குறைஞ்சுட்டாங்க. ஆனா ரெண்டு மாலைப் பத்திரிகைகளோட இணையதளங்களும் ஃபின்லாந்துல மிக அதிகம் பேர் பார்க்கிற செய்தித் தளங்கள்ல இருக்கு. லோப்பி கடை வாசல்லேர்ந்து செல்போன் திரைக்கு வந்துடுச்சு, அவ்வளவுதான் வித்தியாசம்.

டிஸ்கி: இந்தப் பதிவுக்குத் தலைப்பு வைக்கிறப்போ நானும் ஒரு லோப்பிதான் யோசிச்சேன். 'அம்மாவைக் கொன்ற பிள்ளை'ன்னு வச்சிருந்தா இன்னும் நாலு பேர் கூடுதலா வந்திருப்பீங்க. ஆனா அது பொய். சரி, உண்மையைச் சொல்லுங்க மக்களே, அப்படி வச்சிருந்தா நீங்க வந்திருப்பீங்களா, மாட்டீங்களா?